இறந்தவருக்காகப் பதில் சொன்னவர் யார்? தேசிய ஆய்வுகளைக் கொண்டு இறப்பைப் படிக்க ஒரு வழிகாட்டி

என் முதல் களப்பணியில் ஒரு பூட்டிய வீட்டின் முன்னால் வெகுநேரம் நின்றிருக்கிறேன். பெரியவர் ஒருவர் தனியாக இருந்த வீடு. ஐப்பசி மழையில் காய்ச்சலாகப் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை என்று எதிர்வீட்டு அம்மா சொன்னார். திருப்பூரிலிருந்து மகன் வந்து காரியத்தை முடித்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். 'இந்த வீட்டில் கடந்த ஓராண்டில் யாராவது இறந்தார்களா?' என்று வீடு வீடாகக் கேட்டு எழுதும் ஆய்வு அது. பூட்டிய வீட்டில் யாரிடம் கேட்பது? 'வீடு பூட்டியுள்ளது' என்று குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனோம். அந்தப் பெரியவரின் சாவு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது அந்த வீட்டைப் பற்றித்தான். படிப்பு, வேலை, வருமானம் பற்றிய கேள்விகளுக்கு அவரவரே பதில் சொல்லலாம். சாவைப் பற்றி எப்போதும் இன்னொருவர்தான் சொல்கிறார்: மனைவி, மகன், மருமகள், சில சமயம் தூரத்து உறவு. சொன்னவர் யார், எத்தனை மாதம் கழித்துச் சொன்னார், சொல்ல ஆளே இல்லாமல் போன வீடுகள் எவை என்று கேட்டுக்கொண்ட பிறகே டேட்டா கோப்பைத் திறக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாமே அந்தக் கேள்விகளைச் சுற்றித்தான் வரும்.

பதிவேடு இருக்கும்போது ஆய்வு எதற்கு என்று கேட்கலாம். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். 2020-இல் இந்தியாவில் சுமார் 81.2 லட்சம் இறப்புகள் பதிவாயின. அவற்றில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்தவை 22.5 சதவீதம் மட்டுமே. அதே ஆண்டில் பதிவான இறப்புகளில் 45 சதவீதத்தினர் இறக்கும் தறுவாயில் எந்த மருத்துவ கவனிப்பும் கிடைக்காமல் போனவர்கள். பெரும்பாலோர் எதனால் இறந்தார்கள் என்பது பதிவேட்டில் இல்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டால்தான் உண்டு.

முதல் படி: உங்கள் கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள்

'இறப்பை ஆராய்கிறேன்' என்பது ஒரு கேள்வி ஆகாது. எத்தனை பேர், எந்த வயதில் இறந்தார்கள் என்பது ஒன்று. எதனால் இறந்தார்கள் என்பது இன்னொன்று. எப்படி இறந்தார்கள், அதாவது வீட்டிலா ஆஸ்பத்திரியிலா, வைத்தியம் கிடைத்ததா, செலவு எவ்வளவு, கூட இருந்தது யார் என்பது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் மூலம் வேறு. இதைப் பிரிக்காமல் கையில் கிடைத்த கோப்பைத் திறந்து மாதக்கணக்கில் திணறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் படி: மூலத்தைத் தேர்ந்தெடுங்கள்

'எத்தனை பேர்' என்பதற்கு எஸ்.ஆர்.எஸ். எனப்படும் மாதிரிப் பதிவு முறைதான் இந்தியாவின் முதுகெலும்பு. 1969-70 முதல் முழு அளவில் நடந்துவருகிறது. தலைமைப் பதிவாளர் அலுவலகம் நடத்துகிறது. நாடெங்கும் சுமார் 8,800 மாதிரிப் பகுதிகள், 80 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். இதன் நுட்பம் இரட்டைப் பதிவு. அதே ஊரில் இருக்கும் ஆசிரியரோ அங்கன்வாடி ஊழியரோ பிறப்பு இறப்புகளை நடக்க நடக்க எழுதிக்கொண்டே வருவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் தனியாக வந்து, அவருடைய ஏட்டைப் பார்க்காமல், வீடு வீடாகக் கேட்டு எழுதுவார். இரண்டையும் ஒப்பிட்டு, ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாதவற்றை மறுபடி நேரில் போய்ச் சரிபார்ப்பார்கள். பூட்டிய வீட்டுப் பெரியவர் இதில் விடுபட்டிருக்க மாட்டார். எப்போது இறந்தார் என்பது ஊர்க்காரருக்குத் தெரியும், அன்றே ஏறியிருக்கும். எஸ்.ஆர்.எஸ்.ஸிலிருந்து பொதுவில் கிடைப்பவை அறிக்கைகளும் அட்டவணைகளும்தான். சொந்த அலசலுக்கு வேறு கோப்புகள் தேவைப்படும்.

குழந்தை இறப்புக்கு என்.எஃப்.எச்.எஸ். எனும் தேசியக் குடும்பநல ஆய்வு. மும்பை மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் நடத்துவது. முதல் சுற்று 1992-93-இல், ஐந்தாம் சுற்று 2019-21-இல் நடந்தது. தாயிடமே ஒவ்வொரு பிரசவத்தையும் வரிசையாகக் கேட்பதால் இதன் சிசு மரண விகிதம் நம்பகமானது: ஐந்தாம் சுற்றில் ஆயிரம் பிறப்புக்கு இந்தியாவில் 35.2, தமிழ்நாட்டில் 18.6. வீட்டில் நேர்ந்த மற்ற இறப்புகளையும் கேட்கிறார்கள். முந்தைய மூன்று ஆண்டுகளில் நேர்ந்த இறப்புகளில் 71 சதவீதம் பதிவு செய்யப்பட்டவை என்று தெரிந்தது அந்தக் கேள்வியால்தான்.

'எப்படி' என்பதற்கு என்.எஸ்.எஸ். எனும் தேசிய மாதிரி ஆய்வின் உடல்நலச் சுற்றுகள். புதியவர்கள் 75-ஆம் சுற்றிலிருந்து தொடங்கலாம். 2017 ஜூலை முதல் 2018 ஜூன் வரை, 1,13,823 வீடுகள், 5,55,115 பேர். கடந்த 365 நாட்களில் இறந்த முன்னாள் உறுப்பினரின் வயது, பாலினம், இறப்புக்கு முன் மருத்துவ கவனிப்பு கிடைத்ததா, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களா என்று கேட்கிறது. புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் பதிவு செய்துகொண்டால் தனிநபர் அளவிலான கோப்பு இலவசம்.

மூத்தோர் பற்றி லாசி எனும் இந்திய மூத்தோர் தொடராய்வு இருக்கிறது. முதல் சுற்று 2017-18-இல் 72,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்தது. அமெரிக்காவில் 1992-இல் தொடங்கிய மூத்தோர் தொடராய்வின் வழியில் வந்தது இது. அந்த அமெரிக்க ஆய்வில் பங்கேற்றவர் இறந்தால் அவருடைய நெருங்கிய உறவினரிடம் கடைசி நேர்காணல் ஒன்று எடுப்பார்கள். 2000 முதல் 2006 வரை இறந்த 3,746 பேரைப் பற்றிய அத்தகைய நேர்காணல்களிலிருந்துதான், கடைசி நாட்களில் சிகிச்சை பற்றி முடிவெடுக்க வேண்டியிருந்தவர்கள் 42.5 சதவீதம் என்றும், அவர்களிலும் 70.3 சதவீதத்தினர் தாமாக முடிவெடுக்கும் நிலையில் இல்லை என்றும் தெரிந்தது. உயிரோடு இருந்தபோதே அவரைப் பற்றி எல்லாம் கேட்டு வைத்திருப்பதால் இவ்வகை ஆய்வுக்கு ஈடு கிடையாது.

மூன்றாம் படி: கேள்வித்தாளைத் தமிழில் படியுங்கள்

எண்களுக்கு முன்னால் கேள்வித்தாள். முடிந்தால் களத்தில் பயன்படுத்திய தமிழ் வடிவம். கூடவே களப்பணியாளர் கையேடு. 'வீட்டு உறுப்பினர்' என்றால் யார், ஆறு மாதமாக மகள் வீட்டில் இருந்து அங்கேயே இறந்த பாட்டி எந்த வீட்டுக் கணக்கு என்பதெல்லாம் கையேட்டில்தான் இருக்கும்.

இறப்பின் காரணத்தை அறியக் குடும்பத்தாரிடம் அறிகுறிகளைக் கேட்டு எழுதி, பிறகு மருத்துவர்கள் அதைப் படித்துக் காரணம் குறிப்பதை வெர்பல் அட்டாப்சி என்கிறோம். இதில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. வேந்தன் கஜலட்சுமி என்ற ஆய்வாளர் தலைமையில் சென்னையிலும் விழுப்புரம் கிராமங்களிலுமாக 80,000 பெரியவர்களின் இறப்புகளை வீடு தேடிப் போய் விசாரித்தார்கள். சென்னையில் 1995-97-இல் இறந்த 48,000 பேர், விழுப்புரத்தில் 1997-98-இல் இறந்த 32,000 பேர். கேட்டு எழுதியவர்கள் மருத்துவர்கள் அல்லர், பயிற்சி பெற்ற பட்டதாரிகள். சான்றிதழில் காரணம் தெளிவில்லாமல் இருந்த எத்தனையோ இறப்புகளுக்கு அப்போதுதான் காரணம் தெரிந்தது. பின்னர் எஸ்.ஆர்.எஸ்.ஸின் மாதிரி வீடுகளிலேயே பிரபாத் ஜா என்ற ஆய்வாளரின் குழுவினரும் தலைமைப் பதிவாளர் அலுவலகமும் சேர்ந்து பத்து லட்சம் இறப்புகளை இலக்காக வைத்து ஆய்வு நடத்தினார்கள். ஒவ்வொரு விவரிப்பையும் இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் படித்துக் குறியீடு இடுவார்கள். ஒத்துப்போகாவிட்டால் மூத்த மருத்துவர் ஒருவர் தீர்ப்பார்.

இந்த முறையின் உயிர் அந்த அரைப்பக்க விவரிப்பில் இருக்கிறது. அதைச் சொல்பவர் வாய்மொழியிலேயே எழுத வேண்டும். ஏன் என்பதை ஒரு சம்பவத்தால் சொல்கிறேன்.

ஒரு கிராமத்தில் இருபத்திரண்டு வயது மகனை இழந்த தாய் எங்களிடம், "மருந்தக் குடிச்சிட்டாம்மா, வாந்தியா எடுத்தான், வண்டி வர்றதுக்குள்ள போயிட்டான்" என்றார். என்னுடன் வந்தவர் நகரத்துப் பெண், நல்ல உழைப்பாளி. 'மருந்து உட்கொண்ட பின் வாந்தி, மயக்கம், இறப்பு' என்று சுத்தமான தமிழில் எழுதினார். இதைப் படிக்கும் மருத்துவர் என்ன நினைப்பார்? ஏதோ மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான். ஆனால் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் 'மருந்து' என்றால் வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து. அந்தத் தாய் மறைக்கவே இல்லை. அவருடைய ஊரின் சொல்லில் நேராகச் சொன்னார். மாலையில் தாள்களைச் சரிபார்த்தபோது தற்செயலாகக் கண்ணில் பட்டது, மறுநாள் அவர் சொன்னபடியே மாற்றி எழுதினோம்.

இப்படி நிறைய உண்டு. 'கை கால் விழுந்துடுச்சு' என்றால் பக்கவாதம். கீழே விழுந்து அடிபட்டதாக எண்ணிவிடக் கூடாது. திடீர்ச் சாவு எதையும் 'ஹார்ட் அட்டாக்' என்பார்கள். அதை அப்படியே ஏற்காமல், நெஞ்சு வலித்ததா, எவ்வளவு நேரம், வேர்த்ததா, முன்பு சர்க்கரை இருந்ததா என்று கேட்க வேண்டும். தேதியும் அப்படித்தான். ஆங்கிலத் தேதி நினைவிருக்காது, திதி நினைவிருக்கும். 'தை அமாவாசைக்கு ரெண்டு நாள் முன்னாடி', 'பதினாறாம் நாள் காரியத்தன்னிக்குத்தான் ஊர்ல தேர்' என்பார்கள். பையில் பழைய தினசரி காலண்டர்கள் வைத்திருந்தால் தேதியைக் கண்டுபிடித்துவிடலாம். டேட்டாவை மட்டும் பார்ப்பவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் பார்க்கும் 'இறந்த மாதம்' என்ற நிரலின் பின்னால் இப்படி ஒரு கணக்கு நடந்திருக்கிறது, அல்லது நடக்காமல் விடப்பட்டிருக்கிறது.

வெர்பல் அட்டாப்சியை எங்கே நம்பலாம், எங்கே தயங்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாம்புக்கடி, சாலை விபத்து, நீரில் மூழ்குதல் ஆகியவற்றில் குடும்பத்தார் சொல்வதில் பிழை குறைவு. 2005-இல் இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 46,000 பேர் இறந்ததாகப் பிரபாத் ஜா குழுவினரின் ஆய்வு கணித்தது. அதுவரை சொல்லப்பட்ட எண்ணிக்கைகளை விட இது மிகப் பெரியது. கடிபட்டு இறந்தவர்களில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரிக்கு வெளியிலேயே இறந்ததால் ஆஸ்பத்திரிக் கணக்கில் அவர்கள் இல்லை. காய்ச்சல் அப்படியல்ல. அதே ஆய்வு 2010-இல் மலேரியாவால் ஆண்டுக்கு 2,05,000 பேர் எழுபது வயதுக்கு முன் இறப்பதாகச் சொன்னபோது, உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு 15,000-ஆக இருந்தது. பெரிய விவாதம் எழுந்தது. வீட்டாருக்குத் தெரிந்தது காய்ச்சலும் குளிர் நடுக்கமும்தான். ரத்தப் பரிசோதனை இல்லாமல் இன்ன காய்ச்சல் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இத்தகைய நோய்களில் வெர்பல் அட்டாப்சி எண்ணைத் தனியாக வைத்து நான் முடிவுக்கு வர மாட்டேன்.

நான்காம் படி: வகுக்கும் எண்ணைச் சரியாகப் போடுங்கள்

இறந்தவர்களை எண்ணிவிட்டு இப்போது உயிரோடு இருப்பவர்களால் வகுப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. இறந்தவரும் அந்த ஆண்டில் சில மாதம் வாழ்ந்தவர்தான். கற்பனையாக ஒரு கணக்கு. எண்பது வயதைக் கடந்து இன்று இருப்போர் 50 பேர், கடந்த ஓராண்டில் இறந்தோர் 10 பேர். 50-ஆல் வகுத்தால் 20 சதவீதம். இறந்தவர்கள் சராசரியாக ஆளுக்கு அரை வருடம் வாழ்ந்ததாகக் கொண்டால் மொத்தம் 55 மனித-ஆண்டுகள், விகிதம் 18.2. இளவயதில் இந்த வித்தியாசம் தெரியாது. முதியவர்களை ஆராயும்போது கண்ணுக்கு உறுத்தும் அளவுக்கு வரும்.

ஐந்தாம் படி: எடை போடாமல் ஒரு சதவீதமும் சொல்லாதீர்கள்

என்.எஸ்.எஸ். உடல்நலச் சுற்றில் ஒவ்வொரு ஊரிலும் வீடுகளை மூன்று அடுக்காகப் பிரிக்கிறார்கள்: ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீடுகள், கடந்த ஓராண்டில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர் உள்ள வீடுகள், மற்றவை. இரண்டாம் அடுக்கில் இறந்துபோன உறுப்பினர் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாலும் அந்த வீடு சேரும். அந்த அடுக்கிலிருந்து வேண்டுமென்றே அதிக வீடுகளை எடுக்கிறார்கள். ஆகவே எடை போடாமல், அதாவது மாதிரியில் உள்ள ஒவ்வொரு வீடும் எத்தனை வீடுகளுக்குப் பதிலாக நிற்கிறது என்று பார்த்துப் பெருக்காமல், கணக்கிட்டால், இறந்தவர்களில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரி பார்த்துத்தான் இறந்தார்கள் என்ற பொய்யான முடிவு வரும். கோப்புடன் தரப்படும் விளக்கக் குறிப்பில் எடையை எப்படிக் கணக்கிடுவது என்று இருக்கும். பிழை எல்லையைக் கணக்கிடும்போது மாதிரிக் கொத்துகளையும் அடுக்குகளையும் மென்பொருளுக்குச் சொல்லிவிடுங்கள்.

அதோடு, இறப்பு அரிதான நிகழ்வு. 2018-இல் எஸ்.ஆர்.எஸ். கணக்கில் இந்தியாவின் இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 6.2. ஐந்தரை லட்சம் பேர் உள்ள மாதிரியிலும் இறப்புகள் மூவாயிரத்துச் சொச்சம்தான் எதிர்பார்க்கலாம். ஒரு மாநிலம், அதில் பெண்கள், அதில் அறுபது வயதைக் கடந்தவர்கள் என்று பிரித்துக்கொண்டே போனால் கையில் மிஞ்சுவது சில பத்துகள். நூறு இறப்புகள் இருந்தாலே பிழை எல்லை இருபுறமும் சுமார் 20 சதவீதம்; இருபத்தைந்து என்றால் 40 சதவீதம், அதுவும் கொத்து விளைவை, அதாவது ஒரே ஊரில் எடுத்த வீடுகள் ஒன்றுபோல் இருப்பதால் கூடும் பிழையை, சேர்க்காமல். பாம்புக்கடி ஆய்வின் 46,000 என்ற எண்ணுக்குப் பின்னால் இருந்தவை மொத்தம் ஆராய்ந்த 1,23,000 இறப்புகளில் 562. அவ்வளவு பெரிய ஆய்விலேயே 562 என்றால், மாவட்ட வாரியாகப் பிரித்து வரைபடம் போட ஆசைப்படுமுன் யோசியுங்கள். ஒவ்வொரு விகிதத்தின் பக்கத்திலும் எடை போடாத இறப்பு எண்ணிக்கையை அச்சிடுங்கள்.

ஆறாம் படி: டேட்டாவைச் சந்தேகியுங்கள்

மூன்று வரைபடங்கள் போடுங்கள். முதலாவது, இறந்த வயது: 60, 65, 70 என்று கோபுரம் போல எழுந்தால் வயதைக் குத்துமதிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது, நேர்காணலுக்கு எத்தனை மாதம் முன்பு இறந்தார் என்பது: பின்னோக்கிப் போகப் போக எண்ணிக்கை குறைந்தால் மறதி. மூன்றாவது, வயதுவாரி விகிதத்தை எஸ்.ஆர்.எஸ். ஆயுள் அட்டவணையோடு வைத்துப் பார்ப்பது. முதியவர்களிடம் உங்கள் கோடு கீழே இறங்கினால், பூட்டிய வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். தனியாக இருந்தவர், கணவன் மனைவி இருவரும் அடுத்தடுத்துப் போன வீடு, மூத்தவர் போனதும் கலைந்துபோன குடும்பம், முதியோர் இல்லத்தில் இறந்தவர் ஆகியோர் இவ்வகை ஆய்வில் விடுபடுகிறார்கள். விதவைகள் தனியாக வாழ்வது மிகுதி என்பதால் விடுபடுவோரில் பெண்கள் கூடுதலாக இருக்கக்கூடும்.

இதைச் செய்து பழக நல்ல உதாரணம் கொரோனா கால விவாதம். என்.எஃப்.எச்.எஸ். ஐந்தாம் சுற்றின் இரண்டாம் கட்டம் 2020 ஜனவரியில் தொடங்கி, ஊரடங்கால் நின்று, பின் 2021 ஏப்ரல் வரை நடந்தது. தமிழ்நாடும் புதுச்சேரியும் இந்தக் கட்டத்தில்தான். இடைவேளைக்குப் பிறகு கேட்கப்பட்ட வீடுகள் 2020-இல் நேர்ந்த இறப்புகளையும் சொன்னதால், 2019-ஐ விட 2020-இல் இறப்பு 17 சதவீதம் கூடியதாகவும், நாடு முழுமைக்கும் அது 11.9 லட்சம் கூடுதல் இறப்புகளாகும் என்றும் 2024-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று சொன்னது. 14 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் ஒரு பகுதி வீடுகளை வைத்து நாடு முழுமைக்கும் சொல்லக் கூடாது, பதிவான இறப்புகள் 2020-இல் கூடியது 4.74 லட்சம்தான் என்று மத்திய சுகாதார அமைச்சகம் மறுத்தது. இரண்டு பக்கத்தையும் படியுங்கள். அமைச்சகம் எழுப்பிய பிரதிநிதித்துவக் கேள்வி நியாயமானது. ஆய்வாளர்களும் அந்த வீடுகள் மற்றவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்று சோதித்திருக்கிறார்கள். பதிவு எண்ணிக்கையைப் பொறுத்தவரை, ஊரடங்கு ஆண்டில் பதிவு செய்வதே குறைந்திருக்கலாம் என்பதால், அதை உச்சவரம்பாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கடைசிக் காலச் செலவைப் பற்றி ஓர் எச்சரிக்கை

இறந்தவர்களை மட்டும் எடுத்து, கடைசி ஆண்டில் இவ்வளவு செலவழித்தார்கள், அது வீண் என்று எழுதுவது எளிது. இறப்பிலிருந்து பின்னோக்கிப் பார்ப்பதால் வரும் தவறு அது. அதே நோயோடு அதே ஆஸ்பத்திரியில் சேர்ந்து, அதே அளவு செலவழித்துப் பிழைத்து வந்தவர் உங்கள் பட்டியலில் இல்லை. சேர்த்த அன்று எவர் பிழைப்பார் என்று யாருக்கும் தெரியாது. நகையை அடகு வைத்துத் தகப்பனைத் தூக்கிக்கொண்டு ஓடிய மகனின் முடிவை இரண்டு வருடம் கழித்து அட்டவணையை வைத்துக்கொண்டு தீர்ப்பிடுவதில் எனக்குச் சம்மதமில்லை. ஆஸ்பத்திரியில் சேர்ந்த எல்லோரையும் எடுத்து, இறந்தவர், பிழைத்தவர் இருவரையும் ஒப்பிடுங்கள். மருத்துவ கவனிப்பே கிடைக்காமல் இறந்தவர்களைத் தனி வரிசையாகக் காட்டுங்கள். அவர்களுடைய செலவு பூஜ்யம் என்பதால் சராசரி குறைந்து, எல்லாம் நலமாக இருப்பது போலத் தெரியும்.

முதல் பயிற்சி

75-ஆம் சுற்றின் கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். முதல் நாள் கேள்வித்தாளையும் கையேட்டையும் மட்டும் படியுங்கள். இரண்டாம் நாள் இறந்தவர்கள் கோப்பைத் திறந்து எடை போடாமல் எண்ணுங்கள். வயது, பாலினம், கிராமம், நகரம். மூன்றாம் நாள் எடை போட்டு, மருத்துவ கவனிப்புப் பெற்றவர்களின் சதவீதத்தை இரண்டு விதமாகவும் கணக்கிட்டு வித்தியாசத்தைப் பாருங்கள். பிறகு தனியாள் வீடுகள் மாதிரியில் எத்தனை, அவற்றில் அறுபது வயதைக் கடந்த பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அவர்களில் ஒருவர் இறந்திருந்தால் இந்தக் கோப்பில் அந்தச் சாவு வந்திருக்காது. உங்கள் அட்டவணையின் அடியில் எழுத வேண்டிய முதல் குறிப்பு அந்த எண்ணிக்கைதான்.